44 மேக்னம் ரிவால்வரில் மான் வேட்டைக்கு வார்ப்புக் குண்டு: கடினமாக வார்த்தும் குழலில் காரீயம் படிவது ஏன்?

கேள்வி: ஹாக்கிங் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். ஒகையோ மாநிலத்தின் தென்கிழக்கில், ஏத்தன்ஸ் நகருக்கு அருகே வசிக்கிறேன். கிரீன் கார்டு கிடைத்த பிறகு வேட்டைக் கல்விப் படிப்பை முடித்து, நான்கு பருவங்களாக ரைஃபிளில் வெள்ளைவால் மான் வேட்டையாடி வருகிறேன். நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் இவ்வாண்டின் துப்பாக்கிப் பருவத்தில், ரிவால்வரை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஏழரை அங்குலக் குழலுள்ள 44 மேக்னம் சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுடும்) ரிவால்வர் என்பதால், குழல் குறைந்தது 5 அங்குலமும் தோட்டா நேர்சுவர் உள்ளதாகவும் (உறை வாய்ப்பக்கம் கழுத்துபோல் குறுகாததாகவும்) இருக்க வேண்டுமென்ற இங்குள்ள விதிக்கு அது பொருந்துகிறது.

ஓராண்டாக, பித்தளை உறையில் வெடிமருந்தும் குண்டும் இட்டு நானே தோட்டா நிரப்புகிறேன். ஆறு மாதமாகக் குண்டையும் நானே வார்க்கிறேன். டயர் கடைகளில் வாங்கிய, சக்கரத்தின் சமநிலைக்காகப் பொருத்தும் பழைய காரீய எடைகளை உருக்கி, 250 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) கீத் வகைத் தட்டை மூக்குக் குண்டை வார்த்து, கடினமாகட்டுமென்று அச்சிலிருந்து நேராகத் தண்ணீர் வாளியில் விழச் செய்கிறேன். வெவ்வேறு கடினமுள்ள ஓவியப் பென்சில்களால் கீறிப் பார்த்ததில், உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் பிரினெல் எண் ஏறத்தாழ 20 இருக்குமென்று கணிக்கிறேன். அவற்றை 0.429 அங்குலத்துக்கு சைஸ் செய்து (டை என்னும் கருவியின் துளை வழியே செலுத்தி விட்டத்தைச் சரியாக்கி), தேன்மெழுகு கலந்த மெழுகிட்டு, விநாடிக்கு 1,050 அடி வேகத்தில் சுடுகிறேன்.

முப்பது குண்டு சுடுவதற்குள் குழலின் தொடக்கத்தில் இரண்டு அங்குல நீளத்துக்குக் காரீயம் வெள்ளிச் செதில்போல் ஒட்டிக்கொள்கிறது. 25 கஜத்தில் ஆறு குண்டுகள் ஆறு அங்குலத்துக்குப் பரவுகின்றன. சுடுகளத்தில் கேட்டவர்கள் எல்லாரும், குண்டு போதிய கடினமாக இல்லை, லைனோடைப் (அச்சகங்களின் கடினமான எழுத்து உலோகம்) கலந்து இன்னும் கடினமாக்கு என்கிறார்கள். ஆனால் அவ்வளவு கடினமான குண்டு விரியாமல் ஊசிபோல் மானைத் துளைத்துப் போய்விட்டால், காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடிச் சாகுமே என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அப்படியொரு பாவத்தைச் செய்ய எனக்கு மனமில்லை. கடினத்தைக் கூட்டுவதா, வேகத்தைக் குறைப்பதா, பட்டதும் விரியும்படி மூக்கில் குழியுள்ள நடுத்துளைக் குண்டுக்கு மாறுவதா?

இன்னொன்று: ஹெச்1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவர் உடன் வர விரும்புகிறார். அவருக்கும் நானே தோட்டா நிரப்பித் தரலாமா?


மறுமொழி: கடைசல்காரன்

வணக்கம் நண்பரே. நான் மிச்சிகனில் கடைசல் பட்டறையில் வேலை செய்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வார்த்து வருகிறேன். உங்கள் குண்டு மென்மையாக இருப்பதால் காரீயம் படியவில்லை. குண்டு சிறியதாகவும், சிறியதாக இருப்பதை ஈடுகட்ட முடியாத அளவுக்குக் கடினமாகவும் இருப்பதால்தான் படிகிறது என்று நினைக்கிறேன். லைனோடைப் கலந்தால் நிலைமை மோசமாகும்.

ரிவால்வரில் குண்டு தன் பயணத்தை நேரே குழலில் தொடங்குவதில்லை. சிலிண்டர் அறையின் முன்வாயை, அதாவது நாங்கள் தொண்டை என்று சொல்லும் பகுதியை, அது முதலில் கடக்க வேண்டும். அங்கே குண்டு தளர்வாக இருந்தால், பின்னாலிருந்து தள்ளும் கொதிவாயு குண்டின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு முன்னே பீறிடும். வெல்டிங் சுடர் இரும்பை வெட்டுவதுபோல் அது காரீயத்தை அரித்து, அரித்த துகளைக் குழலின் முதல் இரண்டு அங்குலத்தில் பூசிவிடும். உங்கள் படிவு எந்த இடத்தில் இருக்கிறதென்று நீங்கள் எழுதியிருப்பதே இதற்குச் சாட்சி. மெழுகு போதாமலோ குழல் சொரசொரப்பாக இருந்தோ படிந்தால், அது பெரும்பாலும் குழலின் வெளிவாயை ஒட்டிக் காணப்படும்.

மென்மையான குண்டு என்றால் அழுத்தத்தில் சற்றுப் பருத்து அந்த இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கினால், எந்த அழுத்தத்தில் அந்த உலோகக் கலவை இளகிப் பருக்கத் தொடங்கும் என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கிடைக்கும். கடினம் 20 என்றால் 28,440 பவுண்டு. கடினம் 12 என்றால் 17,064 பவுண்டு. 44 மேக்னத்துக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் 36,000 பவுண்டு. உங்கள் 1,050 அடி நிரப்பல் அதற்கு வெகு கீழே நிற்கும் நடுத்தர நிரப்பல். அந்த அழுத்தத்துக்குத் தண்ணீரில் குளிர்ந்த உங்கள் குண்டு அசையாது. காற்றில் ஆறவிட்ட குண்டு பணிந்து கொடுக்கும். இது ஒரு வழிகாட்டிக் கணக்குதான், சட்டமன்று. ஆனால் எந்தத் திசையில் போக வேண்டுமென்பதைச் சரியாகவே காட்டும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். மென்மையான தூய காரீய உருண்டை ஒன்றுக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொரு அறையின் தொண்டை வழியாகவும் மரக்குச்சியால் தள்ளி, வெளிவருவதை மைக்ரோமீட்டரால் அளக்கவும். வெர்னியர் கேலிபர் போதாது, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை அது நம்பும்படி காட்டாது. பிறகு குழலிலும் அதேபோல் ஒன்றைத் தள்ளி, குழலின் உட்புறச் சுருள் பள்ளத்தின் விட்டத்தை அளக்கவும். தள்ளும்போது கையை நிதானமாக வைத்திருங்கள்: குழல் ரிவால்வரின் உடற்சட்டத்தில் திருகப்பட்ட இடத்தில் உருண்டை திடீரென இறுகினால், அங்கே குழல் நெருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த இறுக்கமும் காரீயப் படிவுக்குக் காரணமாகும்.

தொண்டை பள்ளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதே நல்லது. குண்டைத் தொண்டையின் அளவுக்கே சைஸ் செய்ய வேண்டும். குழலின் அளவுக்கு அன்று. மாறாகத் தொண்டை பள்ளத்தைவிடச் சிறிதாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் தொண்டை அதைப் பிழிந்து சிறிதாக்கியே அனுப்பும். நான் ஒருகாலத்தில் வாங்கிய 45 கோல்ட் ரிவால்வர் ஒன்றில் ஆறு தொண்டைகளும் அப்படித்தான் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கலவையையும் மெழுகையும் மாற்றி மாற்றிக் காலம் போக்கினேன். ஒரு நாள் துளையை அகலமாக்கும் ரீமரால் தொண்டைகளைச் சரியாக்கியதும் எல்லாம் அடங்கிற்று. அந்த இரண்டு ஆண்டுகளை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

கலவையைப் பற்றிச் சில சொற்கள். சக்கர எடைகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு காரீயம், மூன்று நான்கு விழுக்காடு ஆன்டிமனி, அரை விழுக்காட்டை ஒட்டி வெள்ளீயம் இருக்கும். அதோடு 2 விழுக்காடு வெள்ளீயம் சேர்த்துக் காற்றில் ஆறவிட்டால் கடினம் 11 அல்லது 12 வரும். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் கூர்மையாக நிரம்பும். வார்த்த உடனே அளக்காமல் இரண்டு வாரம் வைத்திருந்து அளக்கவும். இக்கலவை நாள்பட நாள்படக் கடினமாகும்.

இப்போது கிடைக்கும் எடைகளில் துத்தநாகமும் இரும்பும் மிகுதி. வாஷிங்டன், கலிபோர்னியா, வெர்மான்ட், மேயின் போன்ற மாநிலங்கள் காரீய எடைகளைத் தடைசெய்த பிறகு இந்தக் கலப்பு எங்கும் கூடிவிட்டது. இரும்பு எப்படியும் மிதக்கும். துத்தநாகம் 419 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். ஆகவே முதல் உருக்கலில் பானையை 370 பாகைக்கு மேல் விடாமல் வைத்து, மிதப்பதையெல்லாம் வடித்தெடுத்துவிடவும். துத்தநாகம் கரைந்துவிட்டால் கலவை ஓட்ஸ் கஞ்சிபோல் திரண்டு அச்சுக்குள் இறங்காது. அதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

வெடிமருந்தின் எடை எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை வெடிமருந்து நிறுவனமோ குண்டு அச்சு நிறுவனமோ வெளியிட்ட கையேட்டில் இதே எடைக் குண்டுக்குப் பார்த்து, குண்டின் அளவையோ கலவையையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் தொடக்க நிரப்பலிலிருந்தே மீண்டும் ஏறி வர வேண்டும்.


மறுமொழி: கென்டக்கி பெரியவர்

தம்பி, மான் காயத்தோடு ஓடிவிடக் கூடாதே என்று நீங்கள் கவலைப்படுவதைப் படித்தபோது மனம் நிறைந்தது. அந்தக் கவலை இருக்கிறவரிடம்தான் இதைச் சொல்ல விருப்பம்.

முதலில் ஒரு பழைய கதை. கடினமான குண்டுதான் மேக்னத்துக்கு ஏற்றது என்று உங்கள் சுடுகளத்தில் சொல்கிறார்களே, 44 மேக்னம் பிறப்பதற்கே காரணமாக இருந்த எல்மர் கீத் எந்தக் கலவையில் வார்த்தார் தெரியுமா? பதினாறு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். அதன் கடினம் ஏறத்தாழ 11. 44 மேக்னம் 1955இன் இறுதியில்தான் வெளிவந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் 44 ஸ்பெஷல் தோட்டாவில் 250 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 1,200 அடியை ஒட்டிச் செலுத்தி ஐடஹோ மலைகளில் வேட்டையாடி வந்தார். நீங்கள் வைத்திருக்கும் அச்சின் வடிவம் அவர் வகுத்ததுதான். அவ்வடிவத்தின் உயிர் அதன் மூக்கில் இருக்கிறது, கடினத்தில் இல்லை.

கைத்துப்பாக்கியின் வார்ப்புக் குண்டு மானைக் கொல்லும் விதம் ரைஃபிள் குண்டு கொல்லும் விதத்திலிருந்து வேறுபட்டது. ரைஃபிள் குண்டு தன் வேகத்தால் சுற்றுப்புறத் திசுக்களையும் கிழிக்கிறது. நம் குண்டின் வேகத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. அது தான் போகும் பாதையை மட்டுமே அழிக்கும். அந்தப் பாதையின் அகலத்தைத் தீர்மானிப்பது மூக்கின் தட்டையான முகம். உருண்டை மூக்குக் குண்டு திசுக்களை ஒதுக்கிவிட்டு வழுக்கிப் போகும். தட்டை மூக்கு அவற்றைப் பக்கவாட்டில் அடித்துத் தள்ளிக்கொண்டு போகும். கீத் வடிவில் அந்த முகம் குண்டின் விட்டத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு. அகன்ற மூக்கு வகைகளில் இன்னும் கூடுதல். ஊசிபோல் துளைக்கும் என்ற உங்கள் அச்சம் உருண்டை மூக்குக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. குண்டு விரியாவிட்டாலும், இரு நுரையீரல்களையும் கடந்து மறுபுறம் வெளியேறும் 44 குண்டின் பாதையில் மான் நெடுந்தொலைவு ஓடாது. இரு பக்கமும் துளை இருப்பதால் இரத்தத் தடமும் தெளிவாக விழும். இலைச்சருகு மூடிய நவம்பர் மாதக் காட்டில் அந்தத் தடம்தான் உங்கள் கண்.

நடுத்துளைக் குண்டு தவறில்லை. மென்மையான கலவையில் 1,000 அடிக்கு மேல் அது நன்றாகவே விரியும். விரிந்தால் மான் இன்னும் விரைவில் விழும். ஆனால் கடினக் கலவையில் நடுத்துளை போட்டால் மூக்கு விரியாமல் உடைந்து சிதறும் வாய்ப்பு உண்டு, ஆழமும் குறையும். மானின் உடலில் தோளெலும்பைத் தவிர்த்துப் பார்த்தால் பெரிய தடை எதுவும் இல்லை. ஆகவே முதல் பருவத்துக்குத் திடமூக்குக் கீத் குண்டே போதும் என்பது என் கருத்து. சில மாநிலங்களில் விரியும் வகைக் குண்டுதான் கட்டாயம். எல்லை தாண்டி வேட்டைக்குப் போவதாக இருந்தால் அந்த மாநிலத்தின் அவ்வாண்டு விதிநூலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வேகத்தைப் பற்றி: 250 கிரெய்ன் குண்டு 1,050 அடியில் போவது மானுக்குத் தாராளம். அதை 1,300க்கு ஏற்றினால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கையில் ஓர் உதறலும் காதில் ஓர் இரைச்சலும்தான். உதறலுக்கு அஞ்சத் தொடங்கிய கை விசையை இழுக்கும்போது தாழும். அந்தப் பழக்கத்தைப் போக்க ஓராண்டு பிடிக்கும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன்: தொலைவு. உங்கள் நிரப்பலை 50 கஜத்துக்குக் குறி சேர்த்தால், 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். ஒரு சாண் என்பது நெஞ்சுக்கூட்டுக்கும் வெறும் முன்னங்காலுக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே எவ்வளவு தொலைவு என்பதைத் தோட்டாவின் ஆற்றலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது நிரப்பலைச் சோதிக்க மட்டுமே. அது முடிந்ததும் மேசையை விட்டு எழுந்து, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, மரத்தில் சாய்ந்தோ முழங்காலில் கையூன்றியோ, குளிர் உடையும் செம்மஞ்சள் மேற்சட்டையும் அணிந்துகொண்டு, ஆறு அங்குல வட்டத்தில் சுடுங்கள். ஆறு குண்டும் தவறாமல் எத்தனை கஜத்தில் உள்ளே விழுகின்றனவோ அதுதான் உங்கள் எல்லை. எனக்கு அறுபது வயதில் 60 கஜம் இருந்தது, இப்போது 40.

பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது சற்று அப்பால் திரும்பி நிற்கும் மான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில். முகத்தை நம் பக்கம் திருப்பி நிற்கும் மானைச் சுட வேண்டாம். ஒருமுறை நான் அந்த விதியை மீறினேன். வெளிச்சம் மங்கும் நேரம், மான் நகரத் தொடங்கிவிட்டது, அவசரப்பட்டேன். குண்டு பின்னால் போய்விட்டது. இரவு முழுவதும் விளக்கோடு தேடி மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தேன். அது உயிரோடு கழித்த அந்த மணிநேரங்கள் எனக்கு இன்னும் கனக்கின்றன. சுட்ட பிறகு அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். உடனே துரத்தினால் படுக்கப்போகும் மானும் எழுந்து ஓடும்.

உங்கள் நண்பரைப் பற்றி: குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. அவர் முதலில் வேட்டைக் கல்வியை முடித்து உரிமம் எடுக்கட்டும். எடுத்த பின்னும் தம் விசா வழக்கறிஞரிடம் ஒரு சொல் கேட்டுவிடட்டும். தோட்டாவை விற்பதற்காக நிரப்பினால் உங்களுக்குக் கூட்டரசு உரிமம் வேண்டும். விலை வாங்காமல் கொடுத்தாலும், உங்கள் கையால் நிரப்பியது இன்னொருவர் முகத்தருகே வெடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நான் என் மகனுக்குக்கூட நிரப்பித் தருவதில்லை; கற்றுத் தந்தேன், அவனே நிரப்பிக்கொள்கிறான்.


மறுமொழி: பிட்ஸ்பர்க் வேதியியல்

நான் வேட்டையாடுவதில்லை; என் கணவர் வேட்டையாடுகிறார், வார்க்கிறார். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருப்பதால் இந்த வேலையின் இன்னொரு பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே இருவரும் எழுதாததை மட்டும் சொல்கிறேன்.

தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காரீயம் நஞ்சு, வெள்ளீயம் அப்படியன்று. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டியது. கலவைக்கு வெள்ளீயம் தேடுகிறவர் யாராவது ஊரிலிருந்து வந்த பழைய சொம்பை உருக்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். பழம்பொருள் கடைகளில் கிடைக்கும், வெள்ளீயக் கலவையான பியூட்டர் கோப்பைகளில் பெரும்பாலும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெள்ளீயம் உண்டு, விலையும் மலிவு. அதைவிட முக்கியமானது, காரீயம் பட்ட பானை, கரண்டி, அடுப்பு எதுவும் மீண்டும் சமையலறைக்குள் வரக் கூடாது.

வார்க்கும் வெப்பத்தில் காரீயம் ஆவியாகிப் பரவும் அளவு மிகக் குறைவு. உண்மையான ஆபத்து மேலே வடித்தெடுக்கும் சாம்பல்நிறக் கசட்டிலும், அதன் தூசியிலும், அந்தத் தூசி படிந்த கை வாய்க்குப் போவதிலும் இருக்கிறது. கசட்டை மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். வெளியிலோ நல்ல காற்றோட்டமுள்ள கொட்டகையிலோ வார்த்து, முடித்ததும் கையைச் சோப்பால் கழுவி, அந்த உடையைத் தனியே துவையுங்கள். சுட்ட பித்தளை உறைகளை உலர்தூளில் சுழற்றித் துலக்குபவர்கள் அந்தத் தூசியையும் அஞ்ச வேண்டும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் உள்ள காரீயச் சேர்மம் அதில்தான் சேர்கிறது. எங்கள் வீட்டில் அதை விட்டுவிட்டு நீரில் துலக்குகிறோம். குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டுமென்று 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அளவைக் குறைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை வீட்டில் எல்லாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பெரிய செலவன்று.

கேள்வி கேட்டவர் தண்ணீர் வாளியைப் பானையருகே வைத்திருப்பதாகத் தெரிகிறது. உருகிய காரீயத்துக்குள் ஒரு துளி நீர் சிக்கினால் அது கணத்தில் நீராவியாகிப் பானையிலுள்ளதைக் கூரைவரை வீசும். காற்றில் ஆறவிடும் முறைக்கு மாறுவது இந்த வகையிலும் நல்லதே.

இறைச்சியைப் பற்றியும் ஒன்று. 2008இல் வடக்கு டக்கோட்டாவில், உணவு வங்கிகளுக்குக் கொடையாக வந்த அரைத்த மான் இறைச்சியில் காரீயத் துணுக்குகள் இருப்பது தெரிந்து, அதை வழங்க வேண்டாமென்று மாநிலச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அத்துணுக்குகளுக்கு முதற்காரணம் வேகமாகப் பாய்ந்து சிதறும் ரைஃபிள் குண்டுகள். நீங்கள் பேசும் வேகத்தில் திடமான வார்ப்புக் குண்டு பெரும்பாலும் முழுதாகவே வெளியேறும். ஆனாலும் எலும்பில் பட்டால் சிறிது உரியும். துளையைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறிந்துவிட்டே நாங்கள் சமைக்கிறோம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டே கூடாது. வேட்டையில் எஞ்சிய உடற்பகுதிகளைத் தின்னும் காண்டர் கழுகுகள் காரீய நஞ்சால் மடிந்ததே அதற்கு வழிவகுத்தது. எனவே குடலை அகற்றிப் போடும் இடத்தையும் நினைவில் வையுங்கள், முடிந்தால் புதைத்துவிடுங்கள்.


கேள்வி கேட்டவர்: ஹாக்கிங் வாசகன்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆறு தொண்டைகளில் ஐந்து 0.4315 அங்குலம், ஒன்று 0.431. குழலின் பள்ளம் 0.429, சட்டத்தில் திருகும் இடத்தில் இறுக்கம் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் 0.429 குண்டை வைத்துக்கொண்டு நான் தொண்டையில் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு வரை இடைவெளி விட்டிருக்கிறேன்.

என் அச்சு 0.432 அளவில் வார்ப்பதால், 0.431 சைசிங் டை ஒன்று வாங்கிக் காற்றில் ஆறிய குண்டுகளை அதில் செலுத்தினேன். வெள்ளீயம் பியூட்டர் கோப்பையிலிருந்து. தொடக்க நிரப்பலிலிருந்து மீண்டும் ஏறி வந்தேன். படிவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, குண்டுகள் நான்கு அங்குலத்துக்குள் விழுகின்றன. ஆனால் முழுதும் நீங்கவில்லை. அதே இடத்தில் மெல்லிய படலம் இன்னும் வருகிறது. எங்கே தவறுகிறேன்?


மறுமொழி: கடைசல்காரன்

நிரப்பிய தோட்டா ஒன்றிலிருந்து குண்டை மீண்டும் பிடுங்கி எடுத்து, அதன் அடிப்பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். 0.431 என்று உள்ளே போன குண்டு 0.429 ஆக வெளியே வந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

கடையில் கிடைக்கும், தோட்டா நிரப்பும் டை தொகுதிகள் பெரும்பாலும் செப்புறை போர்த்திய குண்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. உறையின் வாயை விரிக்கும் தண்டு அவற்றில் மெல்லியது. இறுக்கமான பித்தளை உறைக்குள் 12 கடினமுள்ள காரீயத்தைச் செலுத்தினால், விட்டுக்கொடுப்பது பித்தளையன்று, காரீயம்தான். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சைஸ் செய்ததை உறை திரும்பவும் பிழிந்துவிடும். கடினக் குண்டில் இந்தக் குறை வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். மென்மைக்கு மாறியதும் தலைகாட்டும். வார்ப்புக் குண்டுக்கென்றே ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு தடித்த விரிப்புத் தண்டு தனியாகக் கிடைக்கும். உறைக்குள் செல்லும் குண்டின் நீளத்துக்கு அது இறங்க வேண்டும்.

குண்டின் மேல் உறையின் பிடி தளர்ந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். ஆனால் கிரிம்பை, அதாவது உறை விளிம்பின் மடிப்பை, கவனியுங்கள். குண்டிலுள்ள கிரிம்ப் பள்ளத்தில் உறையின் விளிம்பு நன்றாக மடிந்து உட்கார வேண்டும், அதையும் குண்டை இறக்கும் அதே படியில் செய்யாமல் தனிப் படியில் செய்யவும். இல்லாவிட்டால் இறங்கிக்கொண்டிருக்கும் குண்டின் தோளை விளிம்பு வழித்துவிடும். சோதனை எளிது: ஆறு தோட்டா இட்டு ஐந்தைச் சுட்டு, ஆறாவதை எடுத்து அதன் நீளத்தை முன்பு குறித்ததோடு ஒப்பிடவும். உதறலில் குண்டு முன்னே நகர்ந்திருந்தால், ஒருநாள் சிலிண்டரைத் தாண்டி மூக்கு நீட்டி, சுழல விடாமல் பூட்டிவிடும். மான் முன்னே நிற்கும்போது அது நேரக் கூடாது.


கேள்வி கேட்டவர்: ஹாக்கிங் வாசகன்

பிடுங்கி அளந்தேன்: 0.4295. தடித்த தண்டு வந்து சேர இரண்டு வாரமாயிற்று. இப்போது பிடுங்கிய குண்டு 0.431 என்றே காட்டுகிறது. ஆறாவது தோட்டாவின் நீளமும் மாறவில்லை.

நேற்று அறுபது குண்டு சுட்ட பிறகு குழலில் வெள்ளைத் துணியை இழுத்துப் பார்த்தேன். கரிய மெழுகும் மருந்துக் கரியும் மட்டுமே வந்தன. செதில் ஒன்றுகூட இல்லை. மணல்மூட்டையில் 25 கஜத்துக்கு இரண்டரை அங்குலம். பெரியவர் சொன்னபடி மேசையை விட்டு எழுந்து, குளிர் உடையில் ஓக் மரத்தில் சாய்ந்து சுட்டதில், ஆறு அங்குல வட்டத்துக்குள் ஆறும் விழுந்தது 35 கஜம் வரைதான். 40இல் ஒன்று வெளியே போனது. நான் உட்காரப்போகும் இடத்திலிருந்து நீரோடைக் கடவுவரை காலடியால் அளந்து, 35 கஜத்தில் நிற்கும் பீச் மரத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு அப்பால் எந்த மான் நின்றாலும் அன்று அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். நண்பர் இப்பருவத்தில் துப்பாக்கி இல்லாமல் உடன் வந்து அமர்வதாகச் சொல்லிவிட்டார்; வேட்டைக் கல்வி வகுப்பில் பெயர் பதிந்திருக்கிறார்.